பதினோராம் மாடிக் கதவு

1

இந்தக் கதை எனக்கு ஒரு லிஃப்டில் கிடைத்தது. பதினெட்டு மாடிக் குடியிருப்பு. யாரையோ பார்க்கப் போயிருந்தேன். சுவரில் அச்சிட்ட அறிவிப்பு: ‘தீப் பாதுகாப்புப் பணிகளை இம்மாதத்துக்குள் முடிக்கும் கட்டடங்களுக்கு மூன்றாண்டு சொத்து வரிச் சலுகை.’ அதன் கீழே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: ‘தீயணைப்பு சிலிண்டரை முட்டுக்கொடுத்துத் தீத்தடுப்புக் கதவைத் திறந்து வைக்காதீர்கள். பதினோராம் மாடி, உங்களைத்தான்.’

அந்த ‘உங்களைத்தான்’ என்னைப் பிடித்துக்கொண்டது. இறங்க வேண்டிய மாடியைத் தாண்டிப் போய்விட்டேன்.

2

முதல் தொடக்கம்: அதை எழுதிய குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குச் சிரிக்கவே தெரியா—

(இல்லை. அந்தக் கையெழுத்தில் சிரிப்பு இருந்தது.)

இரண்டாவது: செயலாளர் ஒரு பல் மருத்துவர். (இது இருக்கட்டும்.) அவர் தீயைப் பற்றிப் பேசியபோது கொட்டாவி விட்ட கூட்டம், வரிச் சலுகை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. கட்டாயம் வாங்கித் தருகிறேன் என்று அவரும் சொல்லிவிட்டார். அதற்கான தீப் பாதுகாப்புச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் லிஃப்டில் யார் முகத்தைப் பார்ப்பது?

மாடிதோறும் தானாக மூடிக்கொள்ளும் கனத்த கதவு வந்தது. பதினோராம் மாடியில் அது ஓர் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நடுவில் வந்து நின்றது.*

* இருபது வருடமாக எதிரெதிர் வாசலில் நாற்காலி போட்டுச் சண்டை போடுகிறவர்கள். இவர்களை முதலில் சகோதரிகளாக எழுதியிருந்தேன். சண்டையில் சுவை போதவில்லை.

3

“நாள் முழுக்க எல்லாரையும் வாயத் திறங்கன்னு சொல்றவ நான். இங்க வந்து மூடுங்கன்னு கெஞ்ச வேண்டியிருக்கு” என்றார் மருத்துவர்.

“கதவச் சாத்தினா நாத்தனார் மூஞ்சியே மறந்துடும் டாக்டர்.”

“நல்லதுதானே அண்ணி” என்றது அந்தப் பக்கத்து நாற்காலி.

“பாத்தீங்களா? இதுக்கு நான் எப்படிப் பதில் சொல்றது, கதவு வழியா?”

மருத்துவர் சிலிண்டரை எடுத்துச் சுவரில் மாட்டினார். லிஃப்டுக்குள் போய்த் திரும்பிப் பார்த்தால், சிலிண்டர் மறுபடி கதவடியில் நின்றிருந்தது.

4

முடிவு ஒன்று: கதவு மூடப்படுகிறது, சான்றிதழ் வருகிறது. என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். “அந்த ரெண்டு பேரும் என்ன ஆனாங்க?” என்றாள். அதன்பின் வெகுநேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை. எங்களுக்கு நடுவில் கதவு ஏதும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ஆய்வுக்கு வந்த அதிகாரி சிலிண்டரைப் பார்த்துவிட்டு, படிவத்தில் சிவப்பு மையால்—

(எனக்கு மனம் வரவில்லை.)

மூன்று: அதிகாரி சிலிண்டரைப் பார்த்தார். இரண்டு நாற்காலிகளையும் பார்த்தார். பேனாவை மூடினார்.

“ஒரு காந்தம் போடுங்க டாக்டர். எப்பவும் கதவப் பிடிச்சு வெச்சிருக்கும். அலாரம் அடிச்சா விட்டுடும், கதவு தானா மூடிக்கும். சட்டத்துல இடம் இருக்கு. அந்தச் செலவுக்கும் சலுகை உண்டு.”

“நாளைக்குக் கடைசி நாள் சார்.”

“காலையில வர்றேன். அலாரம் அடிச்சதும் கதவு மூடணும். மூடினா கையெழுத்து. இல்லேன்னா இல்ல.”

“அப்போ இவங்க பேசிக்கலாமா?”

“தீப்பிடிக்காத வரைக்கும்.”

“எங்க வீட்டுல தீயே நாத்தனார்தான்” என்றார் அண்ணி. அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

5

மறுநாள் காலை. எலக்ட்ரீஷியன் காந்தத்தைப் பொருத்தி முடித்துவிட்டார். சிலிண்டர் சுவரில் தன் கொக்கியில் தொங்குகிறது. பதினெட்டு மாடியிலிருந்தும் ஆட்கள் படிக்கட்டில் வந்து குவிந்திருக்கிறார்கள். மருத்துவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறார். (மற்றவர்களை இதற்காகத் திட்டுவார்.) நாற்காலிகளில் இருவரும் யாரையும் லட்சியம் செய்யாமல் சண்டை போடுகிறார்கள். “நீங்க அன்னிக்கு என்ன சொன்னீங்க அண்ணி, நீங்க சொன்னது—”

அதிகாரியின் விரல் அலாரப் பொத்தானில் இருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். அழுத்த வேண்டியது நீங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்தக் கதவு மூடிக்கொள்ள ஏழு நொடி ஆகும். நாத்தனார் அதற்குள் சொல்லி முடித்துவிடுவார். அண்ணி அதற்குப் பதிலும் சொல்லிவிடுவார்.