அடுத்த தவணை வரைக்கும்

அழகமுத்துவை நான் படுக்கச் சொன்னது ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அந்த நாளைக்கூட மறக்கவில்லை. மறந்தது வேறொன்றை.

கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கத்தியால் கவ்வாத்து வெட்டுகிறவர் அவர். பேராதனைக்கு வந்துகொண்டிருந்த தனியார் பஸ் ஒன்று வளைவில் கவிழ்ந்ததில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வயது முப்பத்தெட்டு. பஸ் முதலாளிக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் எதிராக நட்டஈட்டு வழக்கு. அவருடைய சட்டத்தரணி நான், பெயர் மதனி. யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகிக் கண்டிக்கு வந்து பதினாறு வருஷம். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு மட்டும் வந்த நாளிலிருந்து குறையவேயில்லை.

அன்று அவர் என் அலுவலகத்துக்கு வீல்செயாரில் வந்தார். தேவாலயம் ஒன்றில் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் பயிற்சி எடுத்து, கட்டிலிலிருந்து அதில் தானே ஏறி இறங்கப் பழகியிருந்தார். வாசலிலிருந்து என் மேசை வரைக்கும் யாரும் தள்ளாமல் உருட்டிக்கொண்டு வந்து, "எப்புடி மிஸ்?" என்று சிரித்தார். பின்னால் வந்த மனைவி இராஜேஸ்வரிக்கு முகமெல்லாம் பெருமை. குடியிருக்கிற லயத்து வீட்டு வாசலில் சின்னக் கடை ஒன்று போடப் போகிறார்களாம். பிஸ்கட், வெற்றிலை, சவர்க்காரம்.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைப் பார்த்ததும் நட்டஈட்டில் எவ்வளவு குறையும் என்றுதான் கணக்குப் போட்டேன். முந்தின வருஷம் அக்குறணை ஸக்கியாவின் வழக்கு அப்படித்தான் போனது. மா அரைக்கும் இயந்திரத்தில் வலது கையை இழந்த பெண். சாட்சி சொல்ல வந்தவள், இடது கையால் தானே தைத்த சட்டையை நீதிபதிக்குப் பெருமையாகக் காட்டினாள். கேட்டதில் கால்வாசிதான் கிடைத்தது. அந்தக் கோபம் எனக்குள் ஆறாமல் கிடந்தது.

"அழகமுத்து, ஒண்டு சொல்லுறன், குறை நினைக்காதேங்கோ," என்றேன். "நீதிபதி உங்களை இப்பிடி ஓடித் திரியிற ஆளாய்ப் பார்க்கக் கூடாது. அடுத்த தவணை வரைக்கும் இந்த வீல்செயார் வேண்டாம். படுத்தே இருங்கோ."

"பயிற்சியும் வேணாங்களா மிஸ்?"

"கம்பனிக்காரர் ஆளை விட்டுப் படம் எடுப்பினம். ஒண்டும் வேண்டாம். ரெண்டு மாசம்தானே."

"சரிங்க மிஸ். நீங்க சொன்னா சரி."

அடுத்த தவணைக்கு வழக்கைக் கூப்பிட்டபோது எதிர்த்தரப்பு வைத்தியர் வரவில்லை. அதற்கடுத்ததில் நீதிபதி லீவு. பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குச் சுகமில்லை. பிறகு எனக்கே கொழும்பில் ஒரு வழக்கு. நானே தவணை கேட்டேன். ஒவ்வொரு முறையும் இராஜேஸ்வரிக்குப் போன் எடுத்துப் புதிய திகதியைச் சொல்வேன். "சரிங்க மிஸ்" என்பாள். பேச்சு அவ்வளவுதான். ஒரு முறை மட்டும், "அவரு படுத்தேதான் இருக்காரு மிஸ்" என்றாள். நான் வேறொரு கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "நல்லது" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பிரட்டுக் களத்தில் ஒரு மலையைக் காட்டி அனுப்பினால், சொன்னவரே வந்து மாற்றும் வரைக்கும் தோட்டத்து ஆட்கள் அந்த மலையில்தான் நிற்பார்கள். மழையானாலும் சரி, வெயிலானாலும் சரி. பதினாறு வருஷமாக அவர்களுக்கு வழக்குப் பேசுகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். நானும் அப்படி ஒரு மலையைக் காட்டிவிட்டு வந்தவள் என்பதுதான் நினைவில் இல்லை.

பதினான்காவது மாதம் வழக்கு விசாரணைக்கு எடுபட்டது. தோட்டத்து மருந்தகத்தின் ஸ்ட்ரெச்சரில் அவருடைய இரண்டு மச்சான்மார் அவரைத் தூக்கிவந்து நீதிமன்ற நடைபாதையில் இறக்கினார்கள். எனக்கு முதலில் ஆளை அடையாளம் தெரியவில்லை. வீல்செயார்ச் சில்லை உருட்டிய கைகள் வற்றிப்போய்க் கிடந்தன. கிட்டப் போனதும் ஒரு வாடை.

"பின்னால ரெண்டு புண்ணு மிஸ்," என்றாள் இராஜேஸ்வரி. "ஒண்ணுல எலும்பு தெரியுது."

"ஐயோ, ஏன் இவர் இப்பிடிப் படுத்துக் கிடந்தவர்?" என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்.

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க."

அவள் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

அதற்குள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். படுத்தபடியே சாட்சி சொல்ல நீதிபதி அனுமதித்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சத்தம் போடவில்லை. ஆஸ்பத்திரி அறிக்கையை எடுத்து நிதானமாக வாசித்தார். இந்த மனிதர் தானே வீல்செயாரில் ஏறுகிறார், நூறு மீற்றர் தானே உருட்டுகிறார் என்று இருக்கிறது. அப்படியானால் இன்றைக்குள்ள நிலைமைக்கு பஸ் காரணமா, வேறு எதுவும் காரணமா? சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சந்திரகுமார் தமிழில் சொன்னார்.

"பயிற்சிய ஏன் நிப்பாட்டுனீங்கன்னு கேக்குறாங்க. யாராச்சும் நிப்பாட்டச் சொன்னாங்களா?"

அழகமுத்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லலீங்க," என்றார். "எனக்குத்தான் சோம்பலுங்க."

பதினெட்டு வயதிலிருந்து கத்தியோடு மலை ஏறிய மனிதர். சந்திரகுமார் ஒரு கணம் தயங்கிவிட்டுச் சிங்களத்தில் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, சாட்சியிடம் மறுபடி கேட்க ஏதாவது உண்டா என்றார்.

எழுந்து நின்றேன். ஒரே ஒரு கேள்வி போதும்: உங்களைப் படுக்கச் சொன்னது யார்? கேட்டால் நான் வழக்கை விட்டு விலக வேண்டும். விசாரணை வரும், கறுப்புக் கோட்டே பறிபோகலாம். அந்த அரை நிமிடத்தில் அவருடைய புண்ணை நான் நினைக்கவில்லை. வாசலில் தொங்கும் என் பெயர்ப் பலகையைத்தான் நினைத்தேன்.

"இல்லை, கனம் நீதிபதி அவர்களே," என்றேன். சுத்தமான சிங்களத்தில்.

தீர்ப்பு ஆவணியில் வந்தது. தன் நிலையைத் தானே மோசமாக்கிக்கொண்டவர் என்று அதில் ஒரு வரி. கேட்டதில் பாதிக்கு மேல் அந்த வரியோடு போய்விட்டது. இனி எழுந்து உழைக்க முடியாத ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் சோறு போடவேண்டிய காசு அது. ஆனால் என்னைத் தூங்கவிடாதது தீர்ப்பு அல்ல. சாட்சி சொன்ன அன்றைக்கு வெளியே வந்த பிறகு நடந்தது.

நடைபாதையில் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் குனிந்து, "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"உங்க பேரச் சொன்னா உங்களுக்குத்தானே மிஸ் கரச்சல்."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்கு வாய் வரவில்லை. வந்தது வேறு. "நல்லாச் சொன்னனீங்கள்," என்றேன், சாட்சியைப் பாராட்டுகிற சட்டத்தரணி மாதிரி. இதைவிடக் கேவலமாக நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவருக்கு அது சந்தோஷமாக இருந்தது. தலையாட்டினார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்ப இனிமே வீல்செயார்ல ஒக்காரலாமுங்களா மிஸ்?" என்று கேட்டார்.

"ஓம், இருக்கலாம்," என்றேன்.

இராஜேஸ்வரி பெட்ஷீட்டை இழுத்து அவர் கால்களை மூடினாள். "புண்ணு ஆறுனாத்தானே ஒக்காருறது," என்றாள், என்னிடம் இல்லை, அவரிடம்.