பின்சீட்டுத் தூக்கம்

என் மகள் வினோதினி என் மேல் சாய்ந்து வெகுநாளாகிவிட்டது. பதினொன்றாம் வகுப்புக்குப் போனதிலிருந்து அம்மா என்றாலே அவளுக்கு ஆகாது. தினமும் காலையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு ஸ்கூட்டியில் கூட்டிப்போவேன். பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் நான் ஜவுளிக்கடை வேலைக்குப் போகவேண்டும். வழி முழுக்க மகாராணி எங்கள் இருவருக்கும் நடுவில் பையை வைத்துக்கொண்டு வருவாள்.

அன்று பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறினாள். ஊர் தாண்டியதும் என் தோளில் தலை சாய்த்தாள். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. பெண்ணுக்குப் பாசம் திரும்பிவிட்டது என்று வண்டியை மெதுவாக ஓட்டினேன். மடச்சி நான். மாசக்கணக்காக ராத்திரியில் அவள் போர்வைக்குள் ஃபோன் வெளிச்சம் தெரிந்ததும், காலையில் கண் சிவந்து, கழுத்து வலி, தலைவலி என்று இட்லியைத் தொடாமல் கிளம்பியதும் எனக்குத் தெரியாதா என்ன?

திடீரென்று தோள் லேசானது. வண்டி வலப்பக்கம் இழுத்தது. கண்ணாடியில் அவள் முகத்தைக் காணோம். பின்னால் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய லாரிதான் தெரிந்தது. வலது கையைப் பின்னால் வீசினேன். சிக்கியது துப்பட்டாவா சட்டையா தெரியாது, பிடித்து இழுத்தேன். லாரி ஹாரனை அலறவிட்டு உரசுகிற மாதிரி கடந்துபோனது.

ஓரம் கட்டினேன். வினோதினி கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டாள்:

"ஸ்கூல் வந்துட்ச்சாம்மா?"

அவளுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

"அடிப்பாவி, லாரிக்கு அடியில போயிருப்படி! இன்னிக்கு அந்த ஃபோன ஒடச்சிப் போடறேன் பாரு!"

கத்திக்கொண்டே துப்பட்டாவை உருவி, கைக்குழந்தையைக் கட்டுவது போல அவளை என் இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளி வாசலில் என்னோடு நிற்கவே வெட்கப்படுகிறவள், தானாகவே கையைத் தூக்கிக் கொடுத்தாள். எனக்குப் பயம் ஜாஸ்தியானது.

"ஒடச்சிக்கோம்மா," என்றாள். "போன வாரமே அத பீரோ மேல தூக்கி வெச்சிட்டேன். அப்பவும் ராத்திரில தூக்கம் வரமாட்டேங்குது. கண்ண மூடினா வெளிச்சமாவே இருக்குது. எனக்கு பயமா இருக்குதும்மா."

ஃபோனைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இனி எதைப் பிடுங்குவது?

வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கை வரவில்லை. முடிச்சை அவிழ்த்து அவளை இறக்கினேன். ஸ்கூட்டியை அங்கேயே விட்டுவிட்டு, அவள் கையை இறுகப் பிடித்தபடி, டாக்டரிடம் காட்டக் கூட்டிப்போக, வருகிற பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.