கண்ணீருக்கு ஒரு காவல்காரர்

என் கணவர் செமிசி நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு என்னைப் பொல்லாதவள் என்று யாரும் சொல்லக் கூடாது.

அவருடைய தங்கை அனசெய்னியின் கணவர் மாக்கா. திமிங்கிலங்கள் தெற்கே திரும்பிய மாதத்தில், படகைக் கரைக்கு இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் என் கணவர்தான். மச்சான்கள் இருவரும் பாதி வாழ்க்கையை அந்தப் படகில்தான் கழித்தார்கள்.

அடக்கத்தன்று ஊரே அழுதது. அனசெய்னி அழவில்லை. துக்கத்துக்கு மரியாதையாக வந்த பாய்களை வாங்கி அடுக்கினாள். குழியடுப்புகளில் பன்றி வெந்ததா என்று பார்த்தாள். வந்தவர்களுக்கு இலை போட்டாள்.

"என் தங்கச்சியப் பாத்தியா? கர்த்தர் அவளுக்கு எவ்வளவு பலம் குடுத்திருக்காரு" என்று பெருமையோடு சொன்னார் செமிசி.

அந்தப் பலத்தை யாரும் கலைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். மறுநாள் அவள் வீட்டு எதிரே இருந்த ஈரப்பலா மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு தினமும் அங்கேதான். இங்கே என் கூரை ஒழுகியது, வேலி சாய்ந்தது, பன்றிகள் என் பேச்சைக் கேட்கவில்லை.

டோங்காவில் அண்ணன் காதில் விழுகிற தூரத்தில் இருந்தால் தங்கையிடம் யாரும் கேலி பேச மாட்டார்கள். புருஷன் பெண்டாட்டி பேச்சை எடுக்கவே மாட்டார்கள். அவ்வளவு மரியாதை. மாக்காவோ வாயைத் திறந்தால் கேலிதான். அவரை நினைத்து அழ வேண்டுமென்றால் அந்தக் கேலியையெல்லாம் சொல்லித்தான் அழ வேண்டும். துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் மரத்தடியில் செமிசியைப் பார்ப்பார்கள். வாயை மூடிக்கொள்வார்கள்.

"இந்த வருஷம் வள்ளிக்கிழங்கு நல்லா வந்திருக்கு" என்பார்கள்.

"ஆமா, நல்லாத்தான் வந்திருக்கு" என்பாள் அனசெய்னி.

அத்தோடு துக்கம் விசாரித்தாயிற்று.

அவள் இளைத்துக்கொண்டே போனாள். கோவில் பாடகர் குழுவில் பெண்களுக்கு முதல் அடியை எடுத்துக் கொடுப்பவள் அவள். இப்போது வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

"இங்க ஏதோ அடைச்சுக்கிட்டு இருக்கு அண்ணி" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "ஒரு தடவை நல்லா அழுதா சரியாப் போயிடும். அண்ணன் அங்க உக்காந்திருக்கும்போது எப்படி?"

"நான் போய்ச் சொல்லவா?"

"ஐயோ, வேணாம். பாசத்துலதானே உக்காந்திருக்காரு."

அவள் வேண்டாம் என்றால் நான் சும்மா இருப்பேனா? மரத்தடிக்கே போனேன்.

"ஏங்க, செத்துப்போன லாசருவ எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் இயேசு அழுதாரு. உங்க தங்கச்சிக்கு அவரவிட அதிக பலமா?" என்று நேராகவே கேட்டேன்.

அவர் மர இலைகளைப் பார்த்தார். "பன்னிக்குத் தீனி போட்டியா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதரும் இன்னும் அழவில்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் கடற்கரைப் பக்கம் போய் அந்தப் படகைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? கோபமாகப் போனவள், அவர் தோளில் கிடந்த சருகைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.

புது வருடத்தின் முதல் வாரம் எங்களுக்கு ஜெப வாரம். விடியும்போது மரமுரசு கேட்டதும் ஊரே கோவிலுக்குப் போகும். அவரவர் பாரத்தை வாய்விட்டு அழுது கர்த்தரிடம் இறக்கிவைப்போம். பிறகு கூடி உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிடுவோம். அங்கேயும் அனசெய்னிக்கு அழுகை வரவில்லை. ஆண்கள் பக்கம் அண்ணன் இருக்கிறாரே.

ஒரு காலை, ஜெபத்தை நடத்தும் முறை செமிசிக்கு வந்தது. அவருடைய ஜெபம் எனக்கு மனப்பாடம்: ராஜா, மழை, கிழங்கு, ஆமென். ராஜா முடிந்தார், மழையும் முடிந்தது. கிழங்குக்கு முன்னால், வழக்கமில்லாமல், கடலுக்குப் போகிறவர்களுக்காக என்று ஆரம்பித்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"ஆண்டவரே, என்னால படகுல ஏற முடியல" என்றார் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "அவன் இல்லாத படகு ரொம்ப அமைதியா இருக்கு. வாய் ஓயாம பேசுவான். வலை வீசும்போதெல்லாம் சொல்வான், 'மச்சான், உன் தங்கச்சியக் குரலுக்காகத்தான் கட்டினேன். சமையலத் தினமும் மன்னிச்சுக்கிட்டு வர்றேன்'னு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தங்கை கேட்க, ஓர் அண்ணன், அதுவும் கோவிலில். போதகர் கண்ணைத் திறந்துவிட்டார்.

பாடகர் வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அனசெய்னிதான். தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அப்படியே அழுகையானது. "ஐயோ என் மாக்கா, பொல்லாத மாக்கா" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டு அழுதாள். அண்ணன் மேடையில் நின்று சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதார். மொத்தக் கோவிலும் சேர்ந்துகொண்டது. நான் அழுததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆமென் சொல்ல செமிசி மறந்துவிட்டார். அதற்குள் அனசெய்னி, மூக்கடைத்த குரலில், பாட்டின் முதல் அடியை எடுத்தாள். சுருதி கொஞ்சம் விலகித்தான் இருந்தது. அதே விலகிய சுருதியில் எல்லோரும் பாடினோம். கூரைத் தகரம் அதிர்ந்தது. கர்த்தர் அன்று எங்களோடு உட்கார்ந்து அழுதார், எங்களோடு எழுந்து பாடினார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

விருந்தில் அனசெய்னி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். செமிசி மட்டும் சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு தங்கச்சி முன்னால போவேன்? எல்லாத்தையும் உளறிட்டேனே."

"நல்லா உளறினீங்க. வாங்க, வேலி சாஞ்சு கிடக்கு."

மரத்தடிப் பாயை நானே சுருட்டி எடுத்து வந்தேன். அன்று பகல் முழுவதும் பெண்கள் அனசெய்னி வீட்டில் கூடி மாக்காவின் கேலிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். சிரிப்பும் அழுகையும் தெருவரை கேட்டன. வள்ளிக்கிழங்கைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை.

சாயங்காலம் அனசெய்னி ஓலைக்கூடையோடு வந்தாள். அண்ணன் உள்ளே இருந்ததால் மரியாதைக்காக வாசலிலேயே நின்றுகொண்டாள். ஆனால் அவருக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகப் பேசினாள்.

"அண்ணி, சேம்பிலைல தேங்காப்பால் ஊத்திக் கறி கட்டி வேக வச்சேன். அண்ணனுக்குக் குடுங்க. என் சமையல மன்னிக்க இனிமே வேற ஆள் வேணுமில்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

செமிசி ஒரு பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடியில் இறங்கியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"மாக்கா ரொம்ப நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தார்.