மிச்ச ஜாடி

மாவுக்கரைசலை இரும்புத் தட்டில் ஊற்றி மேல்தட்டை அழுத்தி மூடிவிட்டு, அப்பக்கார சிஸ்டர் மடத்திலுள்ள ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு எதிராகக் கறுப்பு விதையை யார் போட்டிருப்பார்கள்? சமையல்கட்டு சிஸ்டர் போட்டிருப்பாள். சந்தேகமே இல்லை. சூப்பில் உப்பில்லை என்று அந்தப் பெண் ஒருநாள் கைச்சாடை காட்டியதை அவள் இன்னும் மனதில் வைத்துக் கறுவிக்கொண்டிருக்கிறாள். தோட்டத்து சிஸ்டருக்குச் சிரிக்கிற பெண்களைக் கண்டாலே ஆகாது. நூலகத்து சிஸ்டரோ, யாராவது ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டால்கூட வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அப்புறம் யோசிக்கிற ரகம். இவர்களெல்லாம் காலையும் மாலையும் ஒரே குரலில் சங்கீதம் பாடுகிறவர்கள்! கருகல் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் தட்டைத் திறக்க வேண்டும் என்ற நினைப்பே வந்தது. பூசைக்கு நற்கருணை அப்பமாகப் போகவேண்டிய வெள்ளைத் தகடு, சிலுவை பொறித்த இடம் உட்பட, பழுப்பேறிக் கிடந்தது. அவள் கையில் அப்பம் கருகி அந்த அறை பார்த்ததில்லை.

நேற்று சபைக்கூடத்தில் விதை போட்டார்கள். அது அடைபட்ட மடம். உள்ளே வந்து, கடைசிவரை இங்கேயே இருப்பேன் என்று நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் அப்புறம் வெளியே போவதில்லை. மதிய உணவுக்குப் பின் சற்று நேரம் பேசுவதைத் தவிர மற்றபடி வேலையும் ஜெபமும் கைச்சாடையும்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தியைக் கடைசிவரை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதை மதர் ஒருவரே முடிவு செய்துவிட முடியாது. கூட வாழப்போகிற எல்லோரும் முடிவு செய்ய வேண்டும். ஆளுக்கு ஒரு வெள்ளை அவரைவிதை, ஒரு கறுப்பு அவரைவிதை கொடுப்பார்கள். வாயில் துணி கட்டிய ஜாடிகள் இரண்டு. ஒன்றில் போடுவது வாக்கு, மற்றதில் போடுவது மிச்சம். வாக்கு ஜாடியில் பாதிக்கு மேல் வெள்ளை விழுந்தால் வந்தவள் சகோதரி. இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எத்தனை வெள்ளை, எத்தனை கறுப்பு என்பது மதரோடு சரி. தான் எதைப் போட்டோம் என்று யாரும் யாரிடமும் சாகும்வரை வாய்திறக்கக் கூடாது.

நேற்று ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்த மதர் வெகுநேரம் தலை நிமிரவில்லை. பிறகு, “சபை ஏத்துக்கல,” என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணை மடத்தில் எல்லோரும் ‘புதுசு’ என்பார்கள். வந்து வருடங்கள் ஓடிவிட்டன. ஆனால் அவளுக்குப் பின்னால் யாரும் வந்து சேராததால் புதுசு புதுசாகவே இருந்துவிட்டாள். அப்ப அறையில்தான் வேலை. வெட்டும்போது நொறுங்காமலிருக்க ஈரம் காட்டிய தகடுகளை அடுக்குவாள், உடைந்ததை வாயில் போட்டுக்கொண்டு மாட்டிக்கொள்வாள், மௌன நேரத்தில் தும்மல் வந்தால் தும்மலோடு சிரிப்பையும் சேர்த்து அடக்கத் தெரியாமல் முழிப்பாள். அவள் அண்ணன்தான் கொண்டுவந்து விட்டான். “ஒரு மாசம் தாக்குப் பிடிச்சா பெரிய விஷயம்,” என்று வாசலில் நின்று சொன்னவன், அவளுடைய கட்டிலை அந்த மாதமே விற்றுவிட்டான். நேற்று மாலை மதர் போன் செய்தபோது எடுத்தது அண்ணி. வரட்டும், ஆனால் கூடத்தில்தான் படுக்க வேண்டியிருக்கும் என்றாளாம்.

கருகியதை ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே ஈரம் காட்டி வைத்திருந்த தகடுகளை அப்பக்கார சிஸ்டர் வெட்டத் தொடங்கினாள். வட்டக் கத்தியை அழுத்தித் திருப்பினால் அப்பம் ஒன்று கழன்று வரும். சுற்றிலும் ஓட்டை ஓட்டையாக வலைபோல மிச்சம் நிற்கும். மிச்சத்தை முதலில் எடுத்து இடப்பக்கக் கூடையில் போட வேண்டும், பிறகு அப்பங்களை அள்ளி வலப்பக்கப் பெட்டியில் போட வேண்டும். மாற்றிச் செய்தால் துணுக்குகள் அப்பத்தோடு கலந்துவிடும். கை தன்பாட்டுக்குச் செய்யும், நினைக்கவே வேண்டாம். முதலில் மிச்சம். அப்புறம் அப்பம்.

கூடைக்கு மேலே அவள் கை அப்படியே நின்றது.

இந்த மடத்தில் விதை போடும் முறையும் நேற்றுவரை அப்படித்தான் இருந்தது. சபையை நிறுவிய அன்னை ஒரு விதவை. சொந்தக்காரர்கள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போக வந்தபோது, வீட்டுச் சாவிக்கொத்தை முதலில் அவர்கள் காலடியில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் கோயிலுக்குள் கால் வைத்தாளாம். அதனால் முதலில் மிச்ச ஜாடி வரும், அடுத்து வாக்கு ஜாடி வரும். வேண்டாததை விட்டுவிட்டு வேண்டியதைக் கொடு என்பது அன்னையின் ஒழுங்கு. கப்பலேறி வந்து இந்த மடத்தைக் கட்டிய சிஸ்டர்கள் கொண்டுவந்த பழக்கம் அது. தாய்மடமும் மற்ற மடங்களும் எப்போதோ மாற்றிக்கொண்டன. போன மதர் இருந்தவரை இங்கே மாறவில்லை. புது மதர் ஒழுங்குக்காரர். எல்லா மடங்களும் ஒன்றுபோல இருக்கட்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். நேற்று கூட்டம் தொடங்கும்போதே, “இனிமே முதல்ல வர்றது வாக்கு ஜாடி. ரெண்டாவதுதான் மிச்சம். எல்லாருக்கும் புரிஞ்சுதா?” என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பக்கார சிஸ்டரும் நன்றாகவே தலையாட்டினாள்.

தலையாட்டிவிட்டு, முதலில் வந்த ஜாடியில் கறுப்பைப் போட்டாள்.

கூடையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். சமையல்கட்டு சிஸ்டர், தோட்டத்து சிஸ்டர், நூலகத்து சிஸ்டர் என்று காலையிலிருந்து மனதுக்குள் வரிசையாக நிறுத்தி வைத்து விசாரித்தவர்கள் எல்லோரும் ஒருசேரத் திரும்பி அவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. அவமானத்தில் காது சுட்டது. யாரோ ஏவியதுபோல உடனே எழுந்து, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மதரின் அறைக்குப் போனாள்.

மதர் முன்பு மருந்தறையில் இருந்தவர், வயதில் இவளைவிட இளையவர். ஜுரம் பார்ப்பதுபோலவே யாருடைய முகத்தையும் பார்ப்பார். மேசையில் விதைப்பை இருந்தது, பக்கத்தில் சபையைக் கூட்டுகிற கைமணி இருந்தது.

“மதர், நேத்து விதை போட்டதுல…”

“சிஸ்டர்.” மதர் கையைத் தூக்கினார். “எந்த விதை போட்டீங்கன்னு நீங்க சொல்லக் கூடாது. நான் கேக்கவும் கூடாது.”

“எந்த ஜாடியில போட்டேன்னு சொல்லலாமா?”

மதருக்கு ஒரு கணம் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நேற்று எல்லோரும் தலையாட்டியதை அவரும் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

“அந்த ஒரு விதையிலதான் போச்சா மதர்?”

“அதையும் நான் சொல்லக் கூடாது.” சொன்ன குரலே சொல்லிவிட்டது. மதர் மேசையிலிருந்த விதைப்பையைத் தள்ளி வைத்தார். “விதியில ஒரு இடம் இருக்கு சிஸ்டர். கை தவறி மாத்திப் போட்டவங்க சிலுவையத் தொட்டு சத்தியம் பண்ணினா, மறுபடியும் சபையக் கூட்டி விதை போடலாம். ஆனா கை தவறினதுதான்னு சத்தியம் பண்ணணும். போட்டப்புறம் மனசு மாறிட்டா அதுக்கு இடமில்ல. அப்படி ஆரம்பிச்சா எதுக்கும் முடிவே இருக்காது.” சுவரிலிருந்த சிலுவையைக் கழற்றி மேசையில் வைத்தார். “கை தவறினதுதானே?”

ஆமாம் மதர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் அந்த நேரம் பார்த்து முந்தாநாள் ஞாபகம் வந்து தொலைத்தது. முந்தாநாள் மதிய நேரத்தில் புதுசு உற்சாகமாகச் சொன்னாள்: “வார்த்தைப்பாடு முடிஞ்சதும் அப்ப ரூம என் பொறுப்புல விடலாம்னு மதர் சொன்னாங்க சிஸ்டர். இனிமே நீங்க சும்மா உக்காந்து எண்ணிப் போடுங்க. சூட்டுல நிக்கிறதெல்லாம் நான் பாத்துக்கறேன்.” பெண் பிரியத்தோடுதான் சொன்னாள். மணிக்கட்டு வலியில் இவள் ராத்திரி துணி சுற்றிக்கொள்வதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். கேட்டவளுக்கு மட்டும் சுருக்கென்றது. அம்மா செத்தபோது போகவில்லை, தங்கை கல்யாணத்துக்குப் போகவில்லை; எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவளுக்கு இந்த ஒரு அறையை விட முடியவில்லை. சும்மா உட்காருவதா? அன்று முழுதும் அவளோடு சாடையில்கூடப் பேசவில்லை. நேற்று ஜாடி வரிசையில் நகர்ந்து வரும்போது அவள் ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியென்றால் கை பழக்கத்தில் போட்டதா? இல்லை, பழக்கம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு மனசு போட்டதா?

“சிஸ்டர்?”

“நான் அப்புறம் வரேன் மதர்.”

“அவ அண்ணன் மத்தியானம் வந்துருவார்,” என்றார் மதர். இவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

சிற்றாலயத்தில் போய் முழங்காலிட்டாள். ஒன்றும் வரவில்லை. சின்ன வயதில் மனப்பாடம் செய்த ஜெபம்கூடப் பாதியில் நின்றது. பொய்ச் சத்தியம் செய்தால் பெண் பிழைப்பாள். செய்யாவிட்டால் தன் ஆன்மாவைச் சுத்தமாக வைத்துக்கொண்டு ஒருத்தியைத் தெருவில் விட்டதாகும். இரண்டில் எது பெரிய பாவம் என்று பாவசங்கீர்த்தனத்தில் கேட்கலாம்தான், ஆனால் சாமியார் வர இன்னும் நாள் இருக்கிறது. ஆண்டவர் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. தன் மனசு தனக்கே தெரியாதபடி படைத்துவிட்டு, அதன்மேல் சத்தியம் கேட்டால் எப்படி?

அப்ப அறைக்குத் திரும்பியபோது புதுசு அங்கே இருந்தாள். துறவு உடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வந்த நாளில் போட்டிருந்த உடுப்பை மாட்டியிருந்தாள். அது தோளில் இறுக்கமாக இருந்தது. முக்காடு இல்லாமல் அவள் தலையை இவள் பார்த்ததே இல்லை. சின்னத் தலை, ஒட்ட வெட்டிய முடி, காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு. கருகிய தகட்டைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன சிஸ்டர், நான் ஒருநாள் இல்லேன்னா அப்பம் கருகுமா?” சிரிக்கத்தான் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

மௌன நேரம். அப்பக்கார சிஸ்டர் அதைப் பொருட்படுத்தவில்லை. “சாப்டியா?”

“பசிக்கல.” மடித்து வைத்திருந்த ஏப்ரனை எடுத்து நீட்டினாள். துவைத்து இஸ்திரி போட்டிருந்தாள். “நாடா ஒண்ணு அறுந்திருந்துச்சு, தச்சிட்டேன். அடுத்து வர்றவங்களுக்கு ஆகும்.”

“வீட்டுல…”

“கூடத்துல படுத்துக்குவேன். அண்ணி பிள்ளைங்க எல்லாம் பெருசாயிருச்சாம். யாருன்னே தெரியாது எனக்கு.” சொல்லிக்கொண்டே அப்பப் பெட்டியின் மூடியைச் சரிசெய்தாள். நேரே இருந்த மூடிதான். “நான் என்ன தப்புப் பண்ணேன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன் சிஸ்டர். சிரிச்சது தப்பா இருக்குமோ. யார் யார் போட்டிருப்பாங்கன்னும் யோசிச்சேன், பாவம்தான், ஆனா யோசிக்காம இருக்க முடியல. ஒவ்வொருத்தரா நினைச்சுப் பாத்தேன். எல்லார் மேலயும் சந்தேகம் வந்துச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்க மேல மட்டும் வரல. உங்க விதை வெள்ளைதான். அது எனக்குத் தெரியும். அது ஒண்ணு போதும், நான் போயிடுவேன்.”

அப்பக்கார சிஸ்டருக்குக் கேவி அழவேண்டும்போல் இருந்தது. அழுகை வரவில்லை. ஏப்ரனை வாங்கிக்கொண்டாள். சொல்லிவிடலாமா? சொல்லக் கூடாது. சொல்லாமல் இருக்கலாமா? இவள் இந்த நம்பிக்கையைத்தான் தலைக்கு வைத்துக்கொண்டு அந்தக் கூடத்துத் தரையில் படுக்கப்போகிறாள்.

வாசல் மணி அடித்தது.

“அண்ணன்,” என்றாள் புதுசு. பெட்டியை எடுக்கக் குனிந்தாள்.

“இரு.”

“வாசல் மணி அடிச்சதும் மதர் வரச் சொன்னாங்க சிஸ்டர்.”

“இருன்னு சொல்றேன்ல. அந்தப் பெட்டியத் தொடாத.”

நடைகூடத்தில் ஓடக் கூடாது. அவள் ஓடினாள். மாவு ஒட்டிய செருப்பு தரையில் வழுக்கியது. துடைப்பத்தோடு நின்ற சமையல்கட்டு சிஸ்டர் சுவரோடு ஒட்டி வழிவிட்டு, என்ன என்று சாடையில் கேட்டாள். அவள் கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. அவளும் இரவெல்லாம் அழுதிருக்கிறாள். அப்பக்கார சிஸ்டரால் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். சிலுவை இன்னும் மேசையிலேயே கிடந்தது. மதர் வாசலுக்குப் போக எழுந்திருந்தார்.

“சத்தியம் பண்றேன் மதர்.”

“கை தவறினதுதானா?”

“தெரியல.” மூச்சு வாங்கியது. சிலுவையின் மேல் கையை வைத்தாள். “எனக்கு அவ மேல பொறாமை இருந்துச்சு. இருந்தது நிஜம். கை மறந்ததும் நிஜம். ரெண்டுல எது போட்டுச்சுன்னு எனக்குத் தெரியல. தெரியலங்கறத மட்டுந்தான் என்னால சத்தியமா சொல்ல முடியும். அதுக்கு விதியில இடம் இருக்கா பாருங்க.”

மதர் இவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலுவையின் கறுப்பு மரத்தில் மாவு அப்பிக்கொண்டிருந்தது. நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை வந்தால் தேவலை என்று இவள் காத்திருந்தாள். இப்படியொரு சத்தியத்தை அந்த மடத்தில் யாரும் செய்ததில்லை. அதை என்ன செய்வது என்று எந்த அன்னையும் எழுதி வைக்கவும் இல்லை.

வாசல் மணி மறுபடியும் அடித்தது. இந்த முறை நீளமாக, பொறுமையில்லாமல். நடைகூடத்தின் கோடியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரோ மெதுவாக நடந்து வரும் சத்தம் கேட்டது.

மதர் கையை நீட்டி, சபையைக் கூட்டுகிற கைமணியை மேசையிலிருந்து எடுத்தார். ஓசை வராதபடி அதன் நாக்கை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றார்.