அலையில்லாத கரைக்கு ஒரு கை

புருஷன் சில்வீனோ கையைத் தூக்கியதைப் பார்த்ததும் தியோலிண்டாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூசை முடிந்து பங்குக்கோயில் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்டில் பங்குக்காரர்கள் ஒரு பேருந்து பிடித்துக் கடலுக்குப் போய்வருவது வழக்கம். மலைப்பக்கத்து ஊர், கடல் வருஷத்துக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். எந்தக் கரைக்குப் போவது என்று கைதூக்கி முடிவு செய்வதற்குள் அடிதடி வராத குறைதான். நசரேயில் ஆள் உயரத்துக்கு அலை வரும். சாவ் மர்த்தீனோவில் கடல் குன்றுகளுக்கு நடுவே புகுந்து குளம் மாதிரி படுத்துக் கிடக்கும். முப்பது வருஷமாக நசரே, நசரே என்று தொண்டை கிழியக் கத்தியவன் இன்று அந்தக் குளத்துக்குக் கை தூக்குகிறான்!

கல்யாணமான புதிதில் நசரேயில் ஓர் அலை தியோலிண்டாவைத் தலைகுப்புறப் புரட்டி, வாயிலும் மூக்கிலும் மணலை அடைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து அவளுக்குக் கரையில் உட்கார்ந்து ஊரார் செருப்புக்குக் காவல் இருப்பதுதான் வேலை. புருஷனிடம் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறாள். "ஒரு வருஷமாவது அந்தப் பக்கம் போவோமேங்க. நானும் தண்ணியில கால நனைப்பேன்ல?" அவன் சிரிப்பான். "அதுக்கு நம்ம மாட்டுத்தொட்டியில ரெண்டு பிடி உப்பப் போட்டு இறங்கு." மனுஷன் வாயா அது!

அவன் இப்படி மாறியதற்குக் காரணம் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டு கிரசியேட். பிரான்ஸில் வேலை பார்த்துவிட்டு, புருஷன் செத்தபின் ஊரோடு வந்துவிட்டவள். அலையைக் கண்டால் கிறீச்சிடுவாள் என்பது ஊருக்கே தெரியும். பூசைக்கு முன்னால் கோயில் வாசலில் அவள் சில்வீனோவிடம் என்னமோ குசுகுசுத்ததையும், இவன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டியதையும் தியோலிண்டா தன் கண்ணாலேயே பார்த்தாள். வாய்க்கு வாய் அண்ணே, அண்ணே என்பாள். அண்ணனாம் அண்ணன்! பொண்டாட்டி பயந்தால் மாட்டுத்தொட்டி, அடுத்த வீட்டுக்காரி பயந்தால் சாவ் மர்த்தீனோவா? தியோலிண்டாவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"நசரேக்கு யாரெல்லாம்?" என்றார் கணக்கெடுத்த அதெலீனோ.

தியோலிண்டா எழுந்து நின்று கையைத் தூக்கினாள். அந்த ஒரு கையால்தான் நசரே ஜெயித்தது. "உனக்கு என்னடி ஆச்சு?" என்று சில்வீனோ வாயைப் பிளந்தான். "ஏன், எனக்கு அலை பிடிக்கக்கூடாதா?" என்றாள் அவள். இத்தனை வருஷம் ஆசைப்பட்ட கரை கைக்கு எட்டியபோது அதைத் தானே தட்டிவிட்டோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கிரசியேட்டின் முகம் தொங்கிப்போனதே, அது போதும். அன்று அவளுக்குச் சாப்பாடு இனித்தது.

பயண நாளன்று நசரேயில் இறங்கியதும் சில்வீனோ காற்றுக்கு மறைப்புத் துணி கட்டினான். சூடு ஆறாமல் செய்தித்தாள் சுற்றிக் கொண்டுவந்த கோழிச்சோற்றுச் சட்டியைத் திறந்தார்கள். கிரசியேட் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு எல்லோரும் மணலில் சாய்ந்தார்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரம் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் செரிமானம் நின்று ஆள் அங்கேயே போய்விடும் என்பது அந்த ஊரில் ஞானஸ்நானத்தோடு சேர்த்துக் கொடுக்கிற பயம். தியோலிண்டா புருஷன் பக்கம் நகர்ந்தாள்.

"அன்னிக்கு அவளுக்காகத்தானே கை தூக்குனீங்க?"

"எவளுக்காக?"

"ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி கேக்காதீங்க. கிரசியேட்டுக்காக."

"அட கிறுக்கி! உனக்காகத்தான்டி தூக்குனேன். அவதான் சொன்னா. 'அண்ணே, அக்கா வருஷா வருஷம் செருப்பக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கு. அதுக்கு அலைன்னா பயம். ஒரு தடவ அமைதியான கரைக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னா. எனக்கும் பாவமாப் போச்சு. நீ என்னடான்னா..."

ஒரு நொடி அவளுக்கு மனசு குளிர்ந்தது. அடுத்த நொடியே எரிந்தது. இதோடு வைத்துப் பார்த்தால் கோயில் கூடத்தில் எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

"இதையேதானே நான் முப்பது வருஷமாச் சொன்னேன்?"

"நீ சொல்றது வேற."

"என்ன வேற?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "நீ எப்பவும் எதையாவது சொல்லிக்கிட்டேதானே இருப்ப," என்றான். அதில் கோபம்கூட இல்லை.

தியோலிண்டா எழுந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நடந்தாள். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் மறைப்புத் துணிகளுக்குப் பின்னாலிருந்து ஊரே எழுந்து நின்று கத்தியது. "ஏய் தியோலிண்டா! இப்பத்தானே சாப்பிட்ட!" "சோறு செரிக்கலடி, செத்துப்போவ!" அதெலீனோ நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். தண்ணீர் கணுக்காலைக் கடித்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிற்கவில்லை. ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சில்வீனோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றான்.

"என்னண்ணே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஓடிப்போயி அக்கா கையப் பிடிங்க!" என்று கூவினாள் கிரசியேட்.

உடனே ஓடிவந்தான். செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி, மூச்சு வாங்க அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கடலுக்குள் அவன் அவள் கையைப் பிடிப்பது இதுதான் முதல் தடவை. கை சூடாக இருந்தது. அவள் அதை உதறவும் இல்லை, திருப்பிப் பற்றவும் இல்லை. எதிரே ஓர் அலை எழுந்து நின்றது.

"இறுக்கிப் பிடிங்கண்ணே!" என்றது கரையிலிருந்து அந்தக் குரல்.

அவன் இறுக்கிப் பிடித்தான்.