சுவர் பார்க்க வந்தவர்கள்

எங்கள் ஊரில் அடுப்புக்குப் பின்சுவரில் பதிக்கிற டைல்ஸை யாரும் கடைக்குப் போய்ப் பொறுக்குவதில்லை. டைல்ஸ்தான் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்ப்பார்கள். நல்ல நாளில், ராகுகாலம் கழித்து, தரகரோடு ஆட்டோவில் வருவார்கள். கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பிறகு அடுப்படிக்கு அழைத்துப்போக வேண்டும். சமையல் யார் கையில் இருக்கிறதோ அவர் கடுகு தாளித்துக் காட்டுவார். தெறிக்கிற எண்ணெயில் ஒரு சொட்டைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டு, சமைக்கிறவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்புவார்கள். ஆயுசு முழுக்க எதிரே நின்று பார்க்கப்போவது அவர்கள்தானே, பார்க்காமல் எப்படிச் சம்மதிப்பார்கள்?

தையல்நாயகியின் சுவரை மூன்று கூட்டம் பார்த்துவிட்டுப் போயிற்று. பூப்போட்டவர்கள் வேண்டாம் என்றார்கள். மரநிறத்தவர்கள் காப்பிகூடக் குடிக்கவில்லை. கண்ணாடிபோல் பளபளத்தவர்கள் ஆட்டோவில் ஏறும்போதே தலையை ஆட்டிவிட்டார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். அவளிடம் சுவர் இருந்தது, சிமென்ட் பூச்சோடு, மூளியாக. இன்னொரு தடவை தட்டிப்போனால் அந்தச் சுவருக்கு அப்புறம் யாரும் வரமாட்டார்கள். அது ஊர் வழக்கம்.

தெருவில் மற்ற பெண்கள், "காலைல எங்க டைல்ஸ், உனக்கு ஏன் மூக்கு சிவந்திருக்குன்னு கேட்டாங்க" என்று பேசிக்கொள்ளும்போது அவள் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்துக்கொண்டு நிற்பாள். ஜுரமா, அழுதாளா என்று கேட்க அவள் வீட்டில் யாருமில்லை. அது அவளுக்குப் பெரிய துக்கமாக இருந்தது. சாவதற்குள் யாராவது கேட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

தரகர் வைத்திதான் கடைசியில் விஷயத்தை உடைத்தார்.

"தப்பா நெனச்சுக்காத தங்கச்சி. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்த முடிச்சிரலாம். டைல்ஸ்கிட்ட ஒரு பொய்கூட எடுபடாது. வந்தவங்க யாரும் உன் முகத்தையே பாக்கலயாம். காதைத்தான் பாத்தாங்களாம். காலமெல்லாம் ஒரு காதைப் பாத்துக்கிட்டு எப்படி இருக்கிறதுன்னு கேக்குறாங்க."

நியாயமான கேள்விதான். அவள் கணவர் கலியபெருமாள் கெட்டவர் இல்லை. கூடத்தில் உட்கார்ந்திருப்பார், கூப்பிடுவார், அவ்வளவுதான். தண்ணி என்பார். என் கண்ணாடி எங்க என்பார். கண்ணாடி பெரும்பாலும் அவர் தலையில் இருக்கும். ஆம்பளை அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது என்று அவருடைய அப்பா சொல்லிவிட்டுப் போனார். அப்பா பேச்சில் அவர் கேட்டது அது ஒன்றுதான். கல்யாணமான நாளிலிருந்து தையல்நாயகியின் கை அடுப்பிலும் காது கூடத்திலுமாக இருந்ததில் கழுத்து கூடத்துப் பக்கம் திரும்பியே பழகிவிட்டது.

"வெள்ளிக்கிழமை இன்னொருத்தங்க வராங்க" என்றாள், அவருக்குச் சோறு போடும்போது. "அன்னிக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க."

சரி என்றார். வியாழக்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். வாயில் வெற்றிலையை அடைத்துக்கொண்டு கூடத்தில் கப்சிப்பென்று உட்கார்ந்தார். அவள் தாளித்தாள். ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று அவள் கழுத்து தானாகத் திரும்பியது. சத்தம் வந்தால் ஒரு தடவை திரும்புகிற கழுத்து, சத்தம் வராததால் நாலு தடவை திரும்பியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கலியபெருமாளுக்குக் கூடத்திலிருந்து அவள் முதுகு குலுங்குவது மட்டும் தெரிந்தது. வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுப்படி வாசல்வரை வந்தார்.

"நான் கூடத்துல இருக்கறதாலதான திரும்பற?"

"ஆமா."

"அப்ப எதுத்தாப்புல வந்து நின்னுடறேன்."

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, சலவை வேட்டி கட்டி, அப்பா பேச்சை மீறி அடுப்படிக்குள் வந்து, சமையல் மேடைமேல் ஏறி, அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாகச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். தோளில் ஒரு துண்டு போட்டுக்கொண்டார்.

வந்தவர்கள் சந்தன நிறம், ஓரத்தில் பச்சைக் கோடு, நல்ல குடும்பம். மூத்தவருக்கு ஒரு முனை மட்டும் லேசாக உடைந்திருந்தது. தையல்நாயகி எண்ணெயைக் காயவைத்துக் கடுகைப் போட்டாள். வெடித்தது. முதல் சொட்டு கலியபெருமாளின் கன்னத்தில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் புருவத்துல தழும்பு இருக்கே. எப்ப பட்டுது?"

"தலைதீபாவளிக்கு. அப்பளம் பொரிக்கறப்ப."

"நான் எங்க இருந்தேன்?"

"கூடத்துல. இன்னொரு அப்பளம் கேட்டீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மேடைமேல் நிற்கிறவர் குனிந்தாலும் அவள் முகம்தான் தெரியும். அவளும் நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டு கறிவேப்பிலையைப் போட்டாள். கழுத்து திரும்பவில்லை.

டைல்ஸ் தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். மூத்தவர் சொன்னார்: "குறை ஒண்ணும் இல்லம்மா. லட்சணமான முகம். எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இடம் நிறைஞ்சு போச்சு. நிறைஞ்ச இடத்துல வந்து ஒட்டறது மரியாதை இல்ல."

வைத்தி அன்றைக்கே கொத்தனாரை அழைத்துவந்தார். கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கலியபெருமாளின் இடதுதோளைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, சுற்றிலும் கலவை பூசினார்.

"ஜாயின்ட்டுக்கு வெள்ளை அடிக்கவா, சாம்பல் அடிக்கவா?"

தையல்நாயகி யோசித்தாள். கலியபெருமாள்தான் சொன்னார்: "சாம்பலே அடிப்பா. வெள்ளைன்னா மஞ்சக்கறை புடிச்சுக்கும். அவதான தேய்க்கணும்."

அவர் அவளுக்காக யோசித்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

போன காரியம் முடியாமல் கடைக்குத் திரும்புவது டைல்ஸுக்கும் கௌரவக் குறைச்சல். அதனால் கூடத்திலேயே இருந்துவிட்டார்கள். மூத்தவர் கலியபெருமாளின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் தையல்நாயகி சாம்பாருக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். ஈரம் இன்னும் காயாத சுவரிலிருந்து கலியபெருமாள் அவளைப் பார்த்தார்.

"மூக்கு சிவந்திருக்கே. அழுதியா?"

"வெங்காயம்" என்றாள். ஒரு கிளறு கிளறிவிட்டு, "ஆமா" என்றாள்.

கூடத்திலிருந்து மூத்தவர் கூப்பிட்டார்.

"ஏம்மா, என் கண்ணாடி எங்க?"

அவள் திரும்பாமல் புளியைக் கரைத்து ஊற்றினாள்.