இரண்டாவது வின்ச்

மனிதகுலம் இதுவரை செய்தவற்றிலேயே முற்றிலும் தேவையற்ற பொருள், சிக்கிய வண்டியைக் கயிறு சுருட்டி இழுத்தெடுக்க ஜீப்பின் பின்பக்கத்தில் மாட்டுகிற வின்ச்தான். இது யாசிரின் ஆய்வு முடிவு. போன மாதம் சாப்பாட்டு மேஜையில் மூன்று காரணங்களோடு அவன் இதை நிறுவியபோது மறுத்துப் பேச ஆளில்லை. அப்பா மட்டும் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "சரி, சாப்பிடு" என்றார்.

இப்போது அந்தப் பொருளின் மேல் உட்கார்ந்து அப்பாவின் தம்பி சுஹேல் சாச்சா அழுதுகொண்டிருந்தார்.

"சாச்சா, எழுந்திருங்க. சேர் கொண்டாந்திருக்கேன்."

"இது இன்னா பெட்டிடா?"

"வின்ச்."

"அதுவா!" சாச்சா எழுந்து, பெட்டியைக் கைக்குட்டையால் துடைத்தார். "முந்தாநேத்து அண்ணன் இதைப் பத்தித்தான் முக்கா மணி நேரம் பேசினாரு. நான் ரெண்டு தடவை கொட்டாவி விட்டேன், யாசிர்."

யாசிரின் அப்பா மக்பூல் அகமது ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் செலக்‌ஷன் மாஸ்டராக இருந்தவர். மேஜைக்கு வரும் ஒவ்வொரு தோலையும் திருப்பிப் போட்டு, உள்பக்கத்தில் கட்டைவிரலை ஓட்டி, முகர்ந்து, ஒன்று உயர்தரம், ஆறு கழிவு என்ற கணக்கில் ஓர் எண்ணைச் சாக்பீஸால் எழுதுவது வேலை. ஓய்வு பெற்ற பிறகும் விரல் ஓயவில்லை. தட்டு, தர்பூசணி, பாய், எதுவானாலும் திருப்பித்தான் பார்ப்பார். யாசிரின் பட்டச் சான்றிதழையும் முதலில் திருப்பினார். பின்னால் ஒன்றும் இல்லை. "பரவாயில்லை, சுத்தமா இருக்கு" என்றார். யாசிர் இதைக் கல்லூரியில் நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறான்.

ஒன்று என்ற எண்ணை அவர் எதற்கும் போட்டதில்லை. "ஒண்ணு போட்டா வாங்குறவன் நம்ப மாட்டான்." யாசிரின் அம்மா, அம்மி, செய்யும் பிரியாணிக்கே இரண்டுதான்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய ஜீப்பை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாற்று மணலில் இறக்கி, தவறாமல் சிக்கிக்கொண்டார். வண்டியை இழுத்தெடுக்க ஒரு வின்ச் முன்னால் இருந்தது. வண்டியின் பின்னாலும் ஒன்று வேண்டும் என்றார்.

"முன்னாடி இருக்குறதே போதாதா?" என்று யாசிர் கேட்டான்.

"ஆத்துல முன்னாடி மரம் ஏது? கயிறு கட்டுற மரமெல்லாம் நாம இறங்கின கரையிலதான நிக்குது."

யாசிர் இதற்கும் ஒரு நகைச்சுவை வைத்திருந்தான். என்னவென்று இப்போது ஞாபகம் வரவில்லை.

வேலூரில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் உசாமா இரண்டு வின்ச்சுகளை அனுப்பியிருந்தார். ஒன்றில் கம்பி வடம், மற்றதில் செயற்கை நூல்கயிறு. பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டியது. மற்றதை வெள்ளிக்கிழமை அவரே வந்து எடுத்துக்கொள்வார்; கலவை ஊரில் ஒருவர் அதற்குக் காத்திருக்கிறார். மெக்கானிக் பாண்டியன் பின் பம்பரைக் கழற்றியும் வைத்துவிட்டார்.

இன்று வெள்ளிக்கிழமை.

காலை ஆறரைக்கு ஜன்னல் வழியாக அப்பாவின் குரல் கேட்டது. "யாசிர், ஒரு கை பிடி. இதைத் திருப்பணும்."

"வர்றேன்பா" என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னான். கையில் போன் இருந்தது.

ஏழேகாலுக்குப் போனான். பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். டீயில் ஆடை படிந்திருந்தது. நல்ல சரக்கு வந்த நாளில் எப்படி இருப்பாரோ அப்படியே இருந்தது முகம். ஹார்ட் என்றார் டாக்டர், வலி தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது என்றார். ஜும்மா நாளில் போயிருக்கிறார், கொடுத்து வைத்தவர் என்றார்கள் வந்தவர்கள்.

குளிப்பாட்டும் முன் அப்பாவின் சட்டைப் பையில் இருந்ததை எடுத்து சாச்சா யாசிரிடம் கொடுத்தார்: மூக்குக் கண்ணாடி, ஜீப் சாவி, அரை விரல் நீளம் சாக்பீஸ். யாசிர் வெள்ளை ஜிப்பா போட்டிருந்தான். பையில் சாக்பீஸ் இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

வாசலில் துக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வின்ச் பக்கம் திரும்பியது.

"நேத்து சாயங்காலம் கம்பி வடத்தை நானும் பாயும் திருப்பிப் பார்த்தோம்" என்றார் பாண்டியன். "மூணு போட்டாரு. இன்னொண்ணைக் காலையில பாத்துக்கலாம்னாரு."

"மூணுன்னா கம்மி ஆச்சே" என்றார் சாச்சா. "அண்ணன் கயிறுதான் எடுத்திருப்பாரு. கம்பி அறுந்தா தலை போய்டும்."

"கயிறு மணல்ல தேயும் பாய். மூணே ஜாஸ்தி மார்க்கு. எனக்குக்கூட அவரு நாலுதான் சொன்னாரு."

இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். யாசிர் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

ஜும்மா தொழுகை முடிந்து ஜனாஸா புறப்பட்டபோது வேன் வந்து நின்றது. உசாமா கூட்டத்தைப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்து தோள் கொடுத்தார். கபரஸ்தானில் யாசிர் மூன்று கைப்பிடி மண் போட்டான். ஈரமான செம்மண், விரலை விட்டுப் போக மறுத்தது.

நாலு மணிக்கு வீடு திரும்பினார்கள். உசாமா ஜீப் அருகில் தயங்கி நின்றார்.

"யாசிர், இன்னைக்குப் போய் உங்களுக்கு எதுக்கு இந்தப் பேஜார்? ரெண்டையும் எடுத்துட்டுப் போய்டறேன். அவரோட ஆசை, அவரோட போச்சு."

இதைவிட நியாயமான தீர்வு இல்லை. யாசிரே மூன்று காரணங்களோடு நிறுவியதுதான். அவன் தலையாட்டப் போனான்.

திரைக்குப் பின்னாலிருந்து அம்மி, ஜஹீருன்னிசா, பேசினாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"யாசிர். அவரு எதை எடுத்திருப்பாரோ, அதை மாட்டு. வண்டி பின்னாடி தொறந்து கிடக்குது."

"எதை எடுத்திருப்பாருன்னு எப்படி அம்மி தெரியும்?"



உசாமா போனை எடுத்தார். "ரெண்டுக்கும் ரிவ்யூ இருக்கு, காட்டட்டுமா? நானூறு பேர் எழுதியிருக்காங்க."

நானூறு பேர் எழுதியதைப் படிக்காமல் பொருளின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பவரை என்ன சொல்வது என்று யாசிர் ஒருமுறை அப்பாவிடமே கேட்டிருந்தான். இப்போது போனை வாங்காமல், கயிறு வின்ச் இருந்த இரண்டாவது பெட்டியின் பட்டையை அறுத்தான்.

"உசாமா பாய், ஒரு கை பிடிங்க. இதைத் திருப்பணும்."

"திருப்பணுமா? எவ்வளவு இழுக்கும், இன்னா மோட்டார், எல்லாம் பெட்டி மேலயே போட்டிருக்கே?"

"திருப்பணும்."

நல்ல கனம். ஒற்றை ஆளால் முடிந்திருக்காது. பாண்டியனும் சேர மூன்று பேரும் பிடித்து மெதுவாகக் கவிழ்த்தார்கள்.

யாசிர் மண்டியிட்டான். நகத்தில் செம்மண் இருந்த கட்டைவிரலை வார்ப்பின் விளிம்பில் வைத்து ஓட்டினான். போல்ட் குழிகளைச் சுற்றினான். ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்பி வந்து மறுபடி அதையே தடவியது. குனிந்து முகர்ந்தான். புது கிரீஸ் வாசனை. யாரும் சிரிக்கவில்லை.

ஜிப்பா பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அப்பா எழுதுவதுபோல் வாலைக் கொஞ்சம் நீட்டி 2 என்று எழுதினான்.

பாண்டியன் ஸ்பானர் பையை இழுத்துக்கொண்டு ஜீப்பின் பின்னால் போனார்.